கப்பல் பட்டியலில் ஒரு கொழுந்தன்: டர்பன் மரபுத் தேடல் சேவை பற்றிய மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் வரலாற்றை ஆவணங்களிலிருந்து தேடி எடுத்து, கட்டிய நூலாகத் தரும் சேவைகள் சில இப்போது நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்றிடம் என் தாய்வழிக் கொள்ளுப்பாட்டியைப் பற்றிய தேடலை ஒப்படைத்திருந்தேன். நூல் கைக்கு வந்துவிட்டது. மிகச் சிறிய அளவில் நடத்தப்படும் சேவை என்பதாலும், குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதாலும், அதன் பெயரை இங்கு எழுதவில்லை.

வழக்கமான தேடலோடு ஒரு கூடுதல் கோரிக்கையையும் நான் வைத்தேன். எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அவருடைய கொழுந்தனின் பெயரும் கூடவே வரும். வந்தவுடன் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆகவே, பெண்களுக்கும் அவர்களுடைய கணவன்மாரின் சகோதரர்களுக்கும் இடையே இருந்துவந்த உறவைப் பற்றி வரலாற்று நோக்கில் ஒரு கட்டுரை எழுதி நூலில் சேர்க்குமாறு கேட்டேன். கட்டணப் பட்டியலில் 'பின்னணிக் கட்டுரை' என்றொரு தனி இனம் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம். இந்த இரண்டு பகுதிகளையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

ஆவணப் பகுதி மிகச் சிறப்பாக அமைந்திருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து 342 பேருடன் 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, டர்பன் நகரம் அடங்கிய நேட்டால் பகுதிக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. அந்தப் பட்டியல் உழைப்பைக் கணக்கிடுவதற்காக எழுதப்பட்டதேயன்றி உறவைக் கணக்கிடுவதற்காக அன்று. இன்னார் மனைவி, இன்னார் பிள்ளை என்பதற்கு மேல் அதில் பெரும்பாலும் எதுவும் இராது. அண்ணனோடும் அண்ணியோடும் கப்பலேறிய ஓர் இளைஞன், தன் பெயருக்கு எதிரே யாருக்கும் எதுவும் ஆகாத தனி ஆளாகவே நிற்பான்.

இந்த இடத்தில்தான் இச்சேவையின் திறமை தெரிகிறது. சாதாரணமாகத் தேடுபவர்கள் கொள்ளுப்பாட்டியின் எண்ணைக் கண்டுபிடித்ததும், அவர் கணவரின் எண்ணை அடுத்து எழுதி, பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இவர்கள் அந்தப் பக்கத்தின் மற்ற வரிகளையும் படித்திருக்கிறார்கள். கணவருடைய தந்தையின் பெயரும் கிராமமும் வட்டமும் அடுத்த வரியில் இருந்த பதினெட்டு வயது இளைஞனுடைய விவரங்களோடு எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போவதைக் கண்டு, அவன் எண்ணையும் தனியே பின்தொடர்ந்திருக்கிறார்கள். மூவரும் 1890களின் இறுதியில் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து வந்து, நேட்டாலின் தென் கடற்கரைப் பகுதியில் ஒரே கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே மூத்தவர் இறந்துவிட்டதாகப் பதிவு இருக்கிறது. அதற்குப் பின் பிறந்த இரண்டு குழந்தைகளின் பிறப்புப் பதிவில் தாயின் இடத்தில் கொள்ளுப்பாட்டியின் எண்ணும், தந்தையின் இடத்தில் கொழுந்தனின் எண்ணும் உள்ளன. அவ்விருவரில் ஒருவர்தான் என் தாத்தா. வீட்டில் பேச்சு ஏன் மாற்றப்பட்டது என்பது விளங்கிவிட்டது.

நகல்கள் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நகலுக்கும் எதிர்ப்பக்கத்தில் கையெழுத்தைத் தட்டச்சில் பெயர்த்து, அதன் கீழ் தமிழில் விளக்கம் தந்திருக்கிறார்கள். படிக்க இயலாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டிருப்பது நம்பிக்கையை உண்டாக்குகிறது. திருமணப் பதிவேட்டையும் தேடியதாகவும், அதில் கொழுந்தனோடு திருமணம் நடந்ததற்கான வரி எதுவும் இல்லை என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. தேடிக் கிடைக்காததையும் பதிவு செய்யும் இந்த ஒழுங்கு எல்லாச் சேவைகளிலும் காணக்கூடியதன்று.

ஆனால் பின்னணிக் கட்டுரையில் இந்த ஒழுங்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முதல் பக்கத்திலேயே, கொழுந்தன் தம் அண்ணியை 'மறுமணம் செய்து அடைக்கலம் தந்தார்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அதே நூலின் முற்பகுதி திருமணப் பதிவு இல்லை என்று சொல்லியிருக்க, பிற்பகுதி மறுமணம் என்று எவ்வாறு முடிவு கட்டுகிறது? அடைக்கலம் என்பதும் அப்படியே. ஒப்பந்தத் தொழிலாளியான ஆணுக்கு முதல் ஆண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் இருந்தவர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். பெண்களுக்கும் அந்த வரி உண்டு. மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங், அதாவது மாதம் ஐந்து ஷில்லிங் பெற்ற ஒரு பெண்ணின் பன்னிரண்டு மாதக் கூலி. கைக்குழந்தையோடு கைம்பெண்ணாக நின்ற ஒருத்திக்கு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான ஒரே லயத்தில் வாழ்ந்த கொழுந்தனின் கூலி எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது. அவள் விரும்பினாளா, வேறு வழியின்றி இசைந்தாளா என்பதை அது சொல்லவில்லை. 1914 வரை நீடித்த அந்த வரியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

வரிக்குத் தராத இடத்தைக் கட்டுரை இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்குத் தாராளமாகத் தந்திருக்கிறது. அண்ணன் ஆர்தர் 1502இல் இறந்த பின், அவன் மனைவியாக இருந்த அரகான் நாட்டுக் கேத்தரினைப் போப்பாண்டவரின் சிறப்பு அனுமதி பெற்று 1509இல் ஹென்றி மணந்ததும், பிறகு ஆண் வாரிசு இல்லாத நிலையில் விவிலியத்தின் லேவியராகமத்தில் சகோதரன் மனைவியை மணப்பதற்குள்ள தடையைக் காட்டி 1533இல் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கியதும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. தகவல்களில் பிழையில்லை. எனினும், பதினாறு வயதில் விதவையாகி, அந்நிய நாட்டில் ஏழாண்டுகள் மாமனாரின் முடிவுக்காகவும் கொழுந்தனின் வயதுக்காகவும் காத்திருந்த கேத்தரினின் பக்கத்திலிருந்து ஒரு பத்தியும் எழுதப்படவில்லை. உறவின் ஒரு முனையில் பெண் இருக்கிறாள் என்பதையே மறந்து எழுதியது போலிருக்கிறது. அதே விவிலியத்தின் உபாகமம், பிள்ளையின்றி இறந்தவனுடைய மனைவியை அவன் சகோதரன் மணக்க வேண்டும் என்று விதித்து, மறுப்பவனின் காலிலிருந்து செருப்பைக் கழற்றி அவன் முகத்தில் துப்பும் உரிமையை அந்த விதவைக்குத் தந்திருப்பதைக் கட்டுரை சரியாகவே எடுத்துக்காட்டியிருக்கிறது. பிரிட்டனில் இறந்த மனைவியின் சகோதரியை மணக்க 1907இலேயே சட்டம் இடம் தந்துவிட்டது. இறந்த சகோதரனின் விதவையை மணக்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தச் செய்தி எனக்குப் புதியது.

நேட்டாலில் தமிழர்களுக்கு அடுத்த வேலியில் வாழ்ந்த ஜூலு மக்களிடையே, இறந்தவனின் சகோதரன் விதவையை ஏற்கும் 'உக்குங்கேனா' வழக்கம் இருந்தது. அதைப் பற்றிய பத்தியே கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது. வழக்காற்றுத் திருமணங்களை அங்கீகரிக்கும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் மணமக்கள் இருவரின் சம்மதத்தையும் கட்டாயமாக்கியிருப்பதோடு அதைச் சேர்த்துப் படித்திருக்கிறார் கட்டுரையாளர். ஓர் இனத்தில் கடமையாக இருந்தது அடுத்த இனத்தில் வாய்திறந்து சொல்லக் கூடாததாக இருந்தது ஏன் என்ற கேள்வி அங்கே இயல்பாக எழுகிறது. அதற்கு விடை தேட அவர் மனு நூலுக்குச் செல்கிறார். அண்ணன் மனைவி தம்பிக்குக் குருபத்தினியைப் போன்றவள், தம்பி மனைவி அண்ணனுக்கு மருமகளைப் போன்றவள் என்று சொல்லும் ஒன்பதாம் அத்தியாயம், பிள்ளையில்லாதவள் கொழுந்தன் மூலம் பிள்ளை பெறலாம் என்று அனுமதித்து, சில சுலோகங்கள் தாண்டி அதையே விலங்குகளின் நெறி என்று கண்டிக்கிறது. ஒரே நூலுக்குள் இருக்கும் இந்தத் தடுமாற்றத்தை மறைக்காமல் காட்டியது பாராட்டுக்குரியது.

இதிகாசங்களைப் பற்றிய பகுதியில், சீதையின் மற்ற அணிகலன்களை அறியேன், நாள்தோறும் வணங்கியதால் காற்சிலம்பை மட்டும் அறிவேன் என்று வால்மீகியின் இலக்குவன் சொல்வது எதிர்பார்த்தபடியே இடம்பெற்றுள்ளது. தமிழ் வாசகருக்கான நூலில் கம்பரின் தாரையைத் தொடாமல் விட்டதை ஏற்க முடியவில்லை. வால்மீகியில் வாலி இறந்த பின் தாரை கொழுந்தனாகிய சுக்கிரீவனுடன் வாழ்கிறாள். கம்பர் அதை ஏற்காமல் அவளைக் கைம்மைக் கோலத்தில் நிறுத்துகிறார். சினந்து வந்த இலக்குவன் மங்கல அணி இல்லாத அவளைக் கண்டு, அயோத்தியில் கைம்மையுற்றிருக்கும் தன் தாயரை நினைத்துக் கண்ணீர் மல்குகிறான். என் கொள்ளுப்பாட்டியின் பிள்ளைகள் வாய்மூடி வாழ்ந்ததற்கான காரணம் மனுவில் இருப்பதைவிட இந்தக் காட்சியில் அதிகமாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

பாரதப் பகுதியும் அரைகுறையாகவே உள்ளது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் உள்ள அம்பலவாணர் ஆலயத்தில் ஈஸ்டரை ஒட்டித் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கும் ஊரில், அவள் கூந்தலைப் பற்றி இழுத்து வந்த துச்சாதனன் அவளுக்குக் கொழுந்தன் முறை என்பதை நினைவூட்டியது சரிதான். ஆனால் அதே சபையில் அவளுக்காக எழுந்து நின்று நியாயம் கேட்ட விகர்ணனும் அதே நூற்றுவரில் ஒருவன், அதே முறை உடையவன். அவனை விட்டுவிட்டால் கதை பாதிதான். ஐவரில் ஒருவரோடு திரௌபதி இருக்கும்போது மற்றவர் அங்கு நுழையக் கூடாது என்று நாரதர் சொற்படி வகுத்துக்கொண்ட விதியையும், அதை மீறியதால் அருச்சுனன் நாட்டைவிட்டு நீங்கியதையும் சேர்த்திருந்தால், கணவனும் கொழுந்தனும் ஒருவனாகவே இருந்த வீட்டில் எத்தனை கவனமாக எல்லை போடப்பட்டது என்பது வாசகருக்குப் புரிந்திருக்கும்.

இதைவிடப் பெரிய வெற்றிடம் கட்டுரையின் இறுதியில் இருக்கிறது. ஒப்பந்தக் காலத்தோடு வரலாறே முடிந்துவிட்டது போல் அது நின்றுவிடுகிறது. கேட்டோ மேனரில் மரமும் தகரமும் கொண்டு கட்டிய வீடுகளில் மூன்று நான்கு சகோதரர்களின் குடும்பங்கள் ஒரே அடுப்பில் சமைத்து வாழ்ந்தன. அங்கு கணவனின் அண்ணனாகிய மூத்தாரின் எதிரே மருமகள் உட்காரமாட்டாள். கொழுந்தனிடம் கேலி பேசலாம், வேலையும் ஏவலாம். என் தாயார் தம் மூத்தாருக்குத் தேநீர் கொடுத்ததே இல்லை, என்னிடம் கொடுத்தனுப்புவார். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அந்த வீடுகளைக் காலி செய்யவைத்து, 1960களில் இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தின் சிறிய நகராட்சி வீடுகளில் தம்பதிக்கு ஒரு வீடாகக் குடியேற்றியது. பெண்கள் தனி அடுப்பைப் பெற்றார்கள். அவசரத்துக்குக் குரல் கொடுத்தால் ஓடிவரும் கொழுந்தனை இழந்தார்கள். இதைச் சொல்லக்கூடிய மூதாட்டிகள் இன்னும் இருக்கும்போது ஒருவரையும் சந்திக்காமல் எழுதியிருப்பது சோம்பல் என்றே சொல்வேன்.

சட்டப் பின்னணியும் பாதியில் நிற்கிறது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற பொருள் தந்த 1913 மார்ச் 14ஆம் நாள் தீர்ப்பும், அதனால் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கியதும் கட்டுரையில் உள்ளன. ஆனால் பதிவு செய்யாத இந்துத் திருமணத்தின் மனைவி, உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் வாழ்க்கைத் துணையாகப் பங்கு பெறலாம் என்று சொன்ன டர்பன் உயர் நீதிமன்றத் தீர்ப்பு சட்டத் தொகுப்பில் வெளியானது 2009இல்தான். அதுவரை, அத்தகைய மனைவி குடியிருந்த வீட்டுக்கே கணவனின் பெற்றோரோ சகோதரர்களோ வாரிசாக வந்து நிற்க வாய்ப்பிருந்தது. கைம்பெண்ணுக்கும் கொழுந்தனுக்கும் இடையே பாசமும் அச்சமும் ஏன் ஒரே வீட்டில் குடியிருந்தன என்பதை விளக்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நூலின் கட்டும் தாளும் உயர்தரமானவை. தமிழ்ப் பகுதியில் ஒற்றுப் பிழைகள் கண்ணில் படுகின்றன. குடும்ப மரத்தில் பெண்களின் பெயர்கள் ஆண்களின் பெயர்களைவிடச் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்ததைச் சுட்டிக்காட்டியதும் திருத்திய பக்கத்தை அனுப்பிவைத்தார்கள். மொத்தக் கட்டணம் நல்லதொரு கல்யாணப் பட்டுக்கு ஆகும் செலவுக்குக் குறையாது. ஆவணத் தேடலுக்கு அது தகும். பின்னணிக் கட்டுரைக்குத் தகாது. அந்தப் பணத்தைச் சேமித்து, கூடுதலாக ஒரு முன்னோரின் எண்ணைத் தேடச் சொல்வதே என் பரிந்துரை.

ஒப்படைக்க விரும்புவோர் வீட்டிலுள்ள பழைய பிறப்பு, இறப்புச் சான்றுகளில் காலனி எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. எண் கிடைத்துவிட்டால் காத்திருக்கும் காலமும் கட்டணமும் குறைகின்றன. சேவையின் விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர், கணவர், பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டுமே இடம் விடப்பட்டிருக்கிறது. கணவரின் சகோதரர்களைப் பற்றி வீட்டில் கேள்விப்பட்ட பெயர்கள் இருந்தால் அவற்றைப் படிவத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். அவற்றையும் அவர்கள் கூடுதல் கட்டணமின்றித் தேடுகிறார்கள்.