"ஒரு மணி நேரத்தில் ரிப்போர்ட்": பச்சிளம் குழந்தைக்கு எந்த டெஸ்ட் எதற்கு?

டயக்னாஸ்டிக் கம்பெனிக்காரர்கள் எங்கள் லேபுக்கு வந்து ரத்தத்தில் கிருமித் தொற்றைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டுக்கு "ஒரே மணி நேரத்தில் ரிசல்ட்" என்று பேச்சை ஆரம்பித்தால் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஒரு மணி நேரம் எப்போது தொடங்குகிறது? குழந்தையிடம் ரத்தம் எடுத்ததிலிருந்தா, இல்லை ரத்தத்தை விட்டு வளர்க்கும் கல்ச்சர் பாட்டிலில் கிருமி வளர்ந்து மெஷின் பீப் அடித்ததிலிருந்தா? இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் அரை நாளாவது போய்விடும், சில சமயம் ஒன்றரை நாள். பிரசுரத்தில் இது பொடி எழுத்தில் இருக்கும்.

டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். ஆர்.கே.புரம், மயூர் விஹார், திரிலோக்புரி என்று பல இடங்களிலும் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் இருப்பதால், யார் வீட்டுக் குழந்தையாவது என்ஐசியுவில் (பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தால் எனக்கு போன் வந்துவிடும். "அண்ணா, சிஆர்பி ஏறியிருக்காம். பிசிடின்னு இன்னொண்ணு எழுதியிருக்காங்க. அதுக்கு மேல ஏதோ பேனல்னு கையெழுத்து கேக்கறாங்க. எல்லாமே வேணுமா?" நியாயமான கேள்விதான். (சிஆர்பி, பிசிடி இரண்டும் உடம்பின் எதிர்வினையை அளக்கும் ரத்த டெஸ்ட்டுகள்; பேனல் என்பது பல கிருமிகளை ஒரே நேரத்தில் தேடும் டெஸ்ட்.) ஆனால் இவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்துக் கேட்கிறார்கள். இவை ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

ரத்தத்தில் கிருமி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் டாக்டர் எடுக்க வேண்டிய முடிவுகள் மூன்று. ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதா, ஆரம்பித்ததை நிறுத்துவதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா. முதல் முடிவுக்கு எந்த டெஸ்ட்டையும் நம்பிக் காத்திருக்க முடியாது. பால் குடிக்காமல், உடம்பு சில்லிட்டு, மூச்சு விட்டு விட்டு வரும் குழந்தைக்கு ரத்தம் எடுத்த கையோடு மருந்து ஏற வேண்டும். ஆகவே டெஸ்ட்டுகளின் போட்டி உண்மையில் இரண்டாவது, மூன்றாவது முடிவுகளில்தான்.

அதிலும் டெல்லியின் கதை தனி. எய்ம்ஸ், சஃப்தர்ஜங், மௌலானா ஆசாத் ஆகிய மூன்று கல்லூரி மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்து 2016-இல் வெளியான டெல்லி பச்சிளம் குழந்தைத் தொற்று ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 14.3 சதவீதம் குழந்தைகளுக்கு செப்சிஸ் (உடம்பு முழுவதையும் பாதிக்கும் கடுமையான தொற்று) என்று முடிவானது. ஆனால் கல்ச்சரில் கிருமி வளர்ந்து உறுதியானது 6.2 சதவீதம் மட்டும். கிடைத்த கிருமிகளில் மூன்றில் இரண்டு பங்கு கிராம் நெகட்டிவ் (கிராம் சாயத்தில் ஊதா நிறம் பிடிக்காத) வகை: அசினிடோபாக்டர் 22, க்ளெப்சியெல்லா 17, ஈ.கோலை 14 சதவீதம். அசினிடோபாக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் கட்டுப்படாதவை. மேற்கு நாடுகளில் பிறந்த குழந்தையைத் தாக்கும் கிருமிகளில் முன்னால் நிற்பது பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இங்கே அது அபூர்வம். அங்கே "என்ன கிருமி" என்று தெரிந்தாலே மருந்தை ஓரளவு ஊகிக்கலாம். இங்கே கிருமியின் பெயர் பாதிப் பதில்தான். எந்த மருந்து கேட்கும் என்பது மீதிப் பாதி. வெளிநாட்டு மெஷினை வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

கல்ச்சர்: மெதுவானது, ஆனாலும் அடித்தளம்

பேக்டெக், பேக்ட்அலர்ட் போன்ற தானியங்கி மெஷின்கள், பாட்டிலில் வளரும் கிருமி வெளியிடும் கரியமில வாயுவைக் கண்காணிக்கின்றன. உண்மையான தொற்றாக இருந்தால் பெரும்பாலும் 36 மணி நேரத்துக்குள் பாசிட்டிவ் ஆகிவிடும். அப்புறம் கிராம் சாயம், தட்டில் வளர்ப்பு, கிருமியின் பெயர், சென்சிடிவிட்டி (எந்த மருந்து கேட்கும் என்ற சோதனை) என்று பழைய வழியில் இன்னும் ஒன்றிரண்டு நாள்.

கல்ச்சர் தோற்றுப்போவதற்கு மெஷினைவிட அளவுதான் பெரிய காரணம். குழந்தைக்குக் குறைந்தது 1 மி.லி. ரத்தமாவது எடுக்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையின் உடம்பில் மொத்தமே 80, 90 மி.லி. ரத்தம்தான். எடுப்பவர் கை தயங்குவது புரிகிறது. ஆனால் ஒரு மி.லி.யில் இருக்கும் கிருமிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலையில், அரை மி.லி. எடுத்தால் பாட்டிலுக்குள் ஒன்றுகூட விழாமல் போகலாம். "கல்ச்சர் நெகட்டிவ்" என்ற ரிப்போர்ட்டுகளில் ஒரு பகுதி இப்படி வருவதுதான்.

நேரமும் அப்படித்தான். இரவு பத்து மணிக்கு எடுத்த பாட்டில் காலை எட்டு மணி வரை வார்டு மேசையிலேயே இருந்தால் பத்து மணி நேரம் போச்சு. எந்தப் புது மெஷினும் அதைத் திருப்பித் தராது. பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கும் பழக்கமும் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கூடவே கூடாது.

சிஆர்பியா, பிசிடியா

இரண்டும் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு உடம்பு காட்டும் எதிர்வினையை அளக்கின்றன. சிஆர்பி ஏற 10, 12 மணி நேரம் ஆகும். அதனால் சந்தேகம் வந்த உடனே எடுத்த முதல் சிஆர்பி நார்மல் என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூச்சுத் திணறலோடு பிறந்த குழந்தை, முதல் மலத்தை உள்ளிழுத்த குழந்தை, அறுவை சிகிச்சை ஆன குழந்தை என்று தொற்றே இல்லாதவர்களுக்கும் ஏறும். சிஆர்பி ஜெயிப்பது வேறு இடத்தில். 24 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு சிஆர்பியும் லிட்டருக்கு 10 மி.கி.க்குக் கீழே இருந்தால், குழந்தையும் தெளிவாக இருந்தால், மருந்தை நிறுத்த டாக்டருக்குத் தைரியம் வரும். விலையும் சில நூறு ரூபாய்தான்.

பிசிடி, அதாவது ப்ரோகால்சிடோனின், அதைவிடச் சீக்கிரம், சில மணி நேரத்திலேயே ஏறும். சிக்கல் என்னவென்றால் ஆரோக்கியமான குழந்தைக்கும் பிறந்த முதல் இரண்டு நாளில் அது தானாக ஏறி இறங்கும். பிறந்து எத்தனை மணி நேரம் என்று பார்த்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். பெரியவர்களுக்கான நார்மல் அளவை அச்சடித்து, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் "அதிகம்" என்று போட்டுத் தரும் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பெற்றோர் பதறுவதை நிறையப் பார்த்துவிட்டேன். பிசிடிக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன்: 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த நியோபின்ஸ் ஆய்வில், ஐரோப்பாவிலும் கனடாவிலும் 1,710 குழந்தைகளிடம், பிசிடியைப் பார்த்து முடிவெடுத்தபோது ஆன்டிபயாடிக் கொடுத்த நேரம் 65 மணியிலிருந்து 55 மணியாகக் குறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கேயும் பிசிடி உதவியது நிறுத்துவதற்கு. அதையே சிஆர்பியை இரண்டு முறை பார்த்துச் செய்ய முடிகிற இடத்தில், தினமும் பிசிடி எழுதுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

வெள்ளணு எண்ணிக்கை, முதிராத நியூட்ரோஃபில் விகிதம், மைக்ரோ ஈஎஸ்ஆர், சிஆர்பி எல்லாம் சேர்ந்த நம்மூர் "செப்சிஸ் ஸ்க்ரீன்" பற்றி ஒரு வரி போதும்: இரண்டு அல்லது அதற்கு மேல் மாறியிருந்தால் பாசிட்டிவ், மலிவு, உதவி மட்டும்.

பாட்டில் பீப் அடித்த பிறகு

உண்மையான போட்டி இங்கேதான், நான்கு பேர் வரிசையில்.

மால்டி-டாஃப்: கிருமியை லேசரால் சுட்டு, அதன் புரதங்களின் எடையை வைத்துப் பெயர் சொல்லும் மெஷின். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், ஒரு சாம்பிளுக்குச் செலவும் சொற்பம். மெஷின் விலைதான் யானை விலை. எந்த மருந்து கேட்கும் என்பதை வழக்கமான வேலையில் அது சொல்லாது.

பயோஃபயர் பிசிஐடி2 பேனல்: பாசிட்டிவ் பாட்டிலிலிருந்து ஒரு துளி, ஒரு மணி நேரம், 33 கிருமிகள், 10 மருந்து எதிர்ப்பு மரபணுக்கள். இந்தத் தலைநகரின் பெயரையே தாங்கிய என்டிஎம் (இதில் என்டி என்பது நியூ டெல்லி) மரபணுவும் பட்டியலில் உண்டு. க்ளெப்சியெல்லாவில் என்டிஎம் இருக்கிறதா, ஆக்ஸா-48 என்ற மரபணு இருக்கிறதா என்பது சும்மா தகவல் அல்ல. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் மருந்து பின்னதற்கு வேலை செய்யும். முன்னதற்குத் தனியாகக் கொடுத்தால் செய்யாது. அந்த ஒரு மணி நேர விடை ஓர் உயிரைக் காப்பாற்றலாம். ஆனால் இரண்டு ஓட்டைகள் உண்டு. இந்திய அசினிடோபாக்டர் கார்பபெனம் மருந்துகளை (மெரோபெனம் போன்ற வலுவான ஆன்டிபயாடிக்குகள்) எதிர்ப்பது பெரும்பாலும் ஆக்ஸா-23 மரபணுவால். அது இந்தப் பேனலில் இல்லை. டெல்லி ஆய்வில் முதலிடத்தில் இருந்த கிருமிக்கே பேனல் "கார்பபெனம் எதிர்ப்பு மரபணு எதுவும் இல்லை" என்று சொல்லக்கூடும். அதை "மெரோபெனம் கேட்கும்" என்று படித்துவிட்டால் ஆபத்து. நம் என்ஐசியுக்களில் அவ்வப்போது கூட்டமாகப் பரவும் பர்க்ஹோல்டெரியா செபேசியாவும் பட்டியலில் கிடையாது. விலை ஆயிரக்கணக்கில்.

இன்னொன்று, தோலில் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் ஊசியோடு பாட்டிலுக்குள் போயிருந்தாலும் பேனல் அதே உறுதியோடு பெயரைச் சொல்லும், மருந்து எதிர்ப்பு மரபணுவோடு சேர்த்து. மயூர் விஹார் அக்கா ஒருவர் அப்படியொரு ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் இரண்டாவது பாட்டில் சுத்தமாக இருந்தது, குழந்தையும் நன்றாகப் பால் குடித்தது.

மூன்றாவது, கர்ப்ப டெஸ்ட் கார்டு மாதிரி இருக்கும் என்ஜி-டெஸ்ட் கார்பா 5 பட்டை. 15 நிமிடத்தில் ஐந்து வகைக் கார்பபெனமேஸ்களை (கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள்) கோடு போட்டுக் காட்டும். மெஷின் வேண்டாம். ஆக்ஸா-23 இதிலும் இல்லை.

நான்காவதுதான் என் கட்சி: யூகாஸ்ட் என்ற ஐரோப்பியக் குழுவின் ஆர்ஏஎஸ்டி (விரைவு மருந்துச் சோதனை) முறை. பாசிட்டிவ் பாட்டிலின் திரவத்தை நேராகத் தட்டில் தேய்த்து, வழக்கமான ஆன்டிபயாடிக் டிஸ்க்குகளையே வைத்து, 4, 6, 8 மணி நேரத்தில் கிருமி வளராத வட்டங்களை அளப்பது. கிருமியின் பெயர் தெரிந்தால்தான் அளவைப் படிக்க முடியும் என்பது ஒரு நிபந்தனை. எந்த மரபணு என்று இது கவலைப்படாது. மெரோபெனம் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளர்ந்திருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். ஆக்ஸா-23 ஆனாலும் வேறெதுவானாலும் மாட்டிக்கொள்ளும். புதிதாக வாங்க வேண்டிய பொருள் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஆறாவது மணி நேரத்தில் தட்டை எடுத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், நடு ராத்திரியானாலும். பேனல் வாங்க ஒப்புக்கொள்ளும் நிர்வாகங்கள் நைட் டியூட்டிக்கு ஒரு டெக்னீஷியன் கேட்டால் முகம் சுளிக்கின்றன. விளம்பரப் பலகையில் மெஷினைப் போடலாம், டெக்னீஷியனைப் போட முடியாதே.

நேராக ரத்தத்திலிருந்து

பாட்டிலுக்கே காத்திருக்காமல் ரத்தத்திலேயே கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் முறைகள்தான் எல்லோரும் ஆசைப்படுவது. காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது: கல்ச்சரோடு ஒப்பிட்டால் நோயைப் பிடிக்கும் திறன் 90, இல்லாததை இல்லை என்று சொல்லும் திறன் 93 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தேகத்துக்குரிய 100 குழந்தைகளில் 10 பேருக்கு உண்மையில் தொற்று என்று வைத்துக்கொண்டால் 9 பேரைப் பிடிக்கும், ஒருவரைக் கோட்டைவிடும், தொற்று இல்லாத 90 பேரில் 6 பேரையாவது தவறாக மாட்டிவிடும். கோட்டைவிட்ட அந்த ஒருவருக்கு மருந்தை நிறுத்த யாருக்கு மனசு வரும்? சாம்பிளில் கிருமி விழாவிட்டால் இல்லை என்ற கதை இதற்கும் பொருந்தும். காந்த அதிர்வால் கிருமியைக் கண்டுபிடிக்கும் டி2 போன்ற முறைகளுக்கோ சில மி.லி. ரத்தம் வேண்டும். அது பெரியவர்களுக்குச் சரி.

சரி, போனில் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன்? பேனலுக்குக் கையெழுத்துக் கேட்டால், பாட்டில் பாசிட்டிவ் ஆகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். ஆகவில்லை என்றால் அந்தப் பேனலைப் போடவே முடியாது. ஆகி, சாயத்தில் கிராம் நெகட்டிவ் கிருமி தெரிந்து, குழந்தை இப்போதைய மருந்தில் மோசமாகிக்கொண்டிருந்தால் யோசிக்காமல் போடுங்கள். சாயத்தில் கொத்துக் கொத்தாக காக்கஸ் (உருண்டைக் கிருமி; தோலிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்) தெரிந்து குழந்தை நன்றாக இருந்தால், இன்னொரு கல்ச்சர் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காசியாபாத், நொய்டா பக்கத்துச் சிறிய நர்சிங் ஹோம்களிலிருந்து இரண்டு நாள் ஆன்டிபயாடிக் ஏறிய பிறகு டெல்லிக்கு மாற்றப்படும் குழந்தைகள் விஷயம் வேறு. மருந்தை உறிஞ்சும் பிசின் போட்ட பாட்டிலில்கூட இவர்களின் கல்ச்சர் பல நேரம் வளராது. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் பிசிஆர் பிடிக்கும் என்பதால், வசதி இருந்தால் இங்கே அதற்கு நான் எதிர்ப்புச் சொல்வதில்லை. அதே ரத்தத்தில் 1 மி.லி. பாட்டிலுக்கும் போகட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். கிருமி வளர்ந்தால்தான் டிஸ்க் வைத்துப் பார்க்க முடியும்.