ஒரே மேக்னெட்டார், ஒரே நாள், நான்கைந்து கண்கள்

மேக்னெட்டார் (மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெடித்தாலும் பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் அடங்கிவிடும். அதைப் பிடிக்க எது சரியான கருவி என்று அறிய, எக்ஸ் கதிர் தொலைநோக்கிகளின் அம்சங்களை அட்டவணை போட்டு ஒப்பிடுவதைவிட, 2020 ஏப்ரல் 28 அன்று எஸ்ஜிஆர் 1935+2154 என்ற மேக்னெட்டாரிடம் எது என்ன பிடித்தது என்று பார்த்தாலே போதும்.

நைசர், சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் நாசாவின் எக்ஸ் கதிர் தொலைநோக்கி. 0.2 முதல் 12 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை பார்க்கும். ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரத்தை 300 நானோ விநாடிக்கும் நுணுக்கமாகக் குறிக்கும். அன்று அதிகாலை 1120 விநாடிகளில் 200க்கும் மேற்பட்ட வெடிப்புகளை எண்ணியது. மங்கலானவையும் தப்பவில்லை. ஆனால் அதன் பார்வைப் பரப்பு, முழு நிலவின் குறுக்களவில் ஆறில் ஒரு பங்குதான். திருப்பி வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோளில் உள்ள ஜிபிஎம் என்ற வெடிப்பு உணரிக் கருவி நேர் எதிர். 14 உணரிகள் ஆளுக்கொரு திசை பார்ப்பதால், பூமி மறைக்காத வானம் முழுக்க அதன் காவலில் இருக்கும். தொடக்கமே 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்பதால் மென்கதிர் (ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர்) தெரியாது. பின்னணி இரைச்சலும் அதிகம். ஆனால் வெடிப்பின் ஆற்றலில் பெரும்பங்கு பத்துக்கணக்கான கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில்தான் இருக்கிறது; அந்த இடம் நைசருக்கு எட்டாது. இரண்டும் சேர்ந்து பிடித்த 24 வெடிப்புகளில்தான் நிறமாலை முழுதாகக் கிடைத்தது.

சரி, அப்புறம்தான் வேடிக்கை. இந்திய நேரப்படி இரவு 8:04க்கு அதே மேக்னெட்டாரிலிருந்து ஒரு துரித ரேடியோ வெடிப்பு (சில மில்லி விநாடியே நீடிக்கும் வலுவான ரேடியோ துடிப்பு) வந்தது. நம் பால்வெளியிலிருந்து அப்படியொன்று பதிவானது அதுவே முதல்முறை. ஃபெர்மிக்குப் பூமி மறைத்தது. நைசர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பல மணி நேரமாக அங்கேயே பார்த்துக்கொண்டிருந்த சீனாவின் எக்ஸ் கதிர் செயற்கைக்கோளான இன்சைட்-எச்எக்ஸ்எம்டிக்கு அடித்தது யோகம்! 1 முதல் 250 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையான அதன் வீச்சில், சுமார் 30 மில்லி விநாடி இடைவெளியில் இரண்டு கூர்முனைகள். ரேடியோவிலும் அதே இடைவெளி. ஐரோப்பாவின் இன்டக்ரல் செயற்கைக்கோளும் பூமியை விட்டுத் தொலைவில் இருக்கும் கோனஸ்-விண்ட் கருவியும் அதைப் பதிவுசெய்தன.

நாசாவின் இன்னொரு எக்ஸ் கதிர் தொலைநோக்கியான நுஸ்டார்? ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் 2.5 மில்லி விநாடி கண் மூடிக்கொள்ளும்; வெடிப்புக்கு அது சரிவராது. பிரகாசம் மிஞ்சினால் மற்றவையும் திணறும்தான். 2004 டிசம்பர் 27, சுனாமிக்கு மறுநாள், எஸ்ஜிஆர் 1806-20 என்ற இன்னொரு மேக்னெட்டாரின் மாபெரும் வெடிப்பில் பல உணரிகள் நிரம்பி வழிந்தன. நிலவில் பட்டுத் திரும்பிய கதிரை வைத்து அளந்தது ஒரு ரஷ்யக் கருவி.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் என் ஓட்டு ஜிபிஎம்முக்கு. அன்று கோட்டைவிட்டது தெரிந்துதான் சொல்கிறேன்: அடுத்த மேக்னெட்டார் எது என்று தெரியாதபோது நைசரை எங்கே திருப்புவது?