தொட்டில் வாங்கப் போய் 4,550 ரேண்ட் போச்சு: டர்பன் அம்மாக்களே, உஷார்

இன்று மூன்றாவது தடவையாக அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் குழந்தைச் சாமான் விற்கிற கடை, முதலாளி நம்மவர், அவ்வளவு போதும். பிள்ளை தொட்டிலைத் தாண்டாமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் சின்னவனுக்கு 22 மாதம். போன மாதம் ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தொம்மென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டிலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறான். அழவில்லை, என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நெற்றியில் புளியங்கொட்டை அளவு வீக்கம். மறுநாள் ராத்திரி கதவிடுக்கில் நின்று பார்த்தேன். கரடிப் பொம்மையை இழுத்து மூலையில் போட்டு, அதன் தலைமேல் ஒரு கால், கம்பிமேல் இன்னொரு கால். மதில் ஏறும் திருடன் தோற்றான்.

அந்தப் பயத்தோடுதான் கடைக்குப் போனோம். கல்லாவுக்கு மேலே முருகன் படம், முதலாளி நெற்றியில் விபூதி. நாங்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டு "வணக்கம்" என்றார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குத் தமிழில் நாலு வார்த்தைதான் மிச்சம். ஊரை விட்டு வந்து மூன்று வருஷமான எனக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது. அப்புறம் இங்கிலீஷில் ஆரம்பித்தார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக் காட்டினார். "பார்த்தீர்களா, அசையவே இல்லை. என் பேத்தியும் இதில்தான் தூங்குகிறாள்." நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் தலையாட்டிவிட்டார். பேத்தி என்று சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

'உயரக் கம்பித் தொட்டில்' 4,200 ரேண்ட். வீட்டில் கொண்டுவந்து பூட்டித் தர 350. மொத்தம் 4,550. மெத்தையும், மேலே மூடுகிற வலைக் கூடாரமும் இலவசமாம். கார்டை நீட்டினேன், மெஷின் வேலை செய்யவில்லை, பேங்க் டிரான்ஸ்ஃபர் போடுங்கள் என்றார். அங்கேயே நின்று போட்டேன்.

சாயங்காலம் இரண்டு பையன்கள் வந்து இருபது நிமிஷத்தில் பூட்டினார்கள். மெத்தை வைக்கிற பலகை நடுவில் நிற்கிறது. இன்னும் கீழே இறக்குங்கள் என்றேன். கீழ்த் துளையில் மாட்டுகிற கொக்கி பெட்டியில் வரவில்லை, நாளைக்கு அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். தையல் டேப்பை எடுத்து அளந்தேன். இலவச மெத்தையின் தடிமன் 17 செ.மீ. மெத்தைக்கு மேலே கம்பி உச்சிவரை 43 செ.மீ. பையன் உயரம் 86. அதாவது கம்பி அவன் இடுப்புக்கு வருகிறது. பழைய தொட்டிலிலேயே 56 இருந்தது. 4,550 ரேண்ட் கொடுத்து 13 செ.மீ. உயரத்தைக் குறைத்து வாங்கி வந்திருக்கிறேன்!

போன் போட்டால், "அதுதான் கூடாரம் இருக்கிறதே" என்றார். மூன்றாம் நாள் ராத்திரி ஜிப் பல் விட்டுப்போய், அந்த ஓட்டையில் தலையை நுழைத்துவிட்டான். வலை ஓரம் தாடைக்குக் கீழே இறுகி நிற்கிறது. நல்லவேளை, நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். அப்புறம்தான் தேடிப் படித்தேன்: இந்த மாதிரிக் கூடாரம் ஒன்றில் கழுத்து மாட்டி ஒரு குழந்தை இறந்து, 2012-ல் அமெரிக்காவில் அந்தச் சரக்கையே திரும்பப் பெற்றிருக்கிறார்கள். தொட்டில் மெத்தை 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்றும் அங்கே விதி இருக்கிறது. இலவசம் என்று தலையில் கட்டியது இந்த இரண்டையும்தான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் இழுத்தடிப்பு. கொக்கி ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறது. கொரியர்காரன் வரவில்லை. வாட்ஸாப்பில் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. இரண்டாவது தடவை நேரில் போனபோது முதலாளி இல்லை என்றது கல்லாவில் இருந்த பெண். உள்ளே அவர் குரல் எனக்கே கேட்கிறது. அப்புறம் ஒரு மெசேஜ்: மெத்தைச் சாமான், சுகாதாரக் காரணம், திரும்ப எடுக்க மாட்டோம். அதன் கீழேயே, "பிள்ளையை நீங்கள் சரியாகப் பழக்கவில்லை". இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

இன்று போனேன். ஒரு கர்ப்பிணிப் பெண் முன்னால் அதே தொட்டிலை இரண்டு கையாலும் உலுக்கிக்கொண்டிருக்கிறார். "என் பேத்தியும்..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "உங்கள் பேத்திக்கு என்ன வயது?" என்று கேட்டேன். பதில் இல்லை. அந்தப் பெண்ணிடம் என் போனில் இருந்த படத்தைக் காட்டிவிட்டு வந்தேன்.

ஆலோசனை எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன். பலகையைக் கடைசித் துளைவரை இறக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டேப் கொண்டுபோங்கள். மெத்தைக்கு மேலே கம்பி, பிள்ளை உயரத்தில் முக்கால் பங்குக்குக் குறைந்தாலோ, பிள்ளை 90 செ.மீ.யை நெருங்கினாலோ தொட்டில் காலம் முடிந்தது, புதுத் தொட்டில் தேடாதீர்கள். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் நான் கடைக்கே போயிருக்க மாட்டேன். பொம்மை, தலையணை எதுவும் உள்ளே வேண்டாம். வலைக் கூடாரம் வேண்டவே வேண்டாம். கார்டு எடுக்காத கடையில் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி முதல் நாளே சொன்னார், மெத்தையைத் தரையில் போடு என்று. இப்போது அப்படித்தான் தூங்குகிறான். அலமாரியைச் சுவரோடு திருகி, ஜன்னல் திரைக் கயிற்றை மேலே சுருட்டிக் கட்டிவிட்டோம். செலவு ஒரு பாக்கெட் ஸ்குரூ.

ஆன்ட்டி மகன் சொல்லித்தான் தெரிந்தது: இங்கே 2008-ம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்பது நம் விருப்பம், கடைக்காரர் விருப்பம் இல்லை. நுகர்வோர் புகாரை விசாரிக்கிற ஓம்பட்ஸ்மனிடம் புகார் கொடுக்கக் காசு கிடையாது. 20,000 ரேண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். என்னுடையது 4,550. டிரான்ஸ்ஃபர் ரசீது, வாட்ஸாப் மெசேஜ், டேப்பை வைத்து எடுத்த படம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை புகார் அனுப்புகிறேன், பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். அதே தொட்டிலை வேறு யாராவது வாங்கியிருந்தால் முதலில் அந்த ஜிப்பைப் பாருங்கள், இன்றைக்கே.