டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: திரைவாசிப்பானோடு தொடங்கிய ஒருவரின் மதிப்பீடு

பிறவியிலேயே பார்வையில்லாத நான், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை நான்கு நண்பர்களோடு சனிக்கிழமை இரவுகளில் டிஸ்கார்ட் குரல் அரட்டை வழியாக எட்டு மாதங்களாக விளையாடி வருகிறேன். விளையாட்டு எப்படி என்பதை எழுதப் பலர் இருக்கிறார்கள். அதைக் கற்றுக்கொள்வது எங்களைப் போன்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளையாட்டு முழுக்க முழுக்க வாயாலும் காதாலும் நடப்பது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஆனால் அதைச் சுற்றியுள்ள காகிதம், அதாவது விதிநூலும், கதாபாத்திரத்தின் எண்களைக் குறித்துக்கொள்ளும் பாத்திரத் தாளும், வரைபடமும், பார்வையுள்ளவர்களை மட்டுமே மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை.

அறியாதவர்களுக்கு ஒரு சில வரிகள். ஒருவர் டன்ஜன் மாஸ்டராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத செயல்களுக்குப் பகடை உருட்டப்படும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட இந்த விளையாட்டு, மேசையில் சிறு பொம்மை வீரர்களை நிறுத்திப் போர் நடத்தும் பொழுதுபோக்கிலிருந்து பிறந்தது. நடப்பதும் எறிவதும் மந்திரம் எட்டுவதும் இன்றுவரை அடிக்கணக்கில் அளக்கப்படுவதற்கும், ஒரு கட்டம் ஐந்து அடி என்று வரைபடம் போடப்படுவதற்கும் அந்தப் பிறப்பே காரணம்.

முதல் தடை விதிநூல். விதிகளின் அடிப்படைப் பகுதியான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் அதை யாரும் படியெடுக்கலாம், வடிவம் மாற்றலாம், பிரெய்லில் அச்சிடலாம், தமிழிலும் பெயர்க்கலாம். பணம் கொடுக்காமல் இது கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் நான் தொடங்கியது பக்கத்துக்கு இரண்டு பத்திகளாக அமைந்த, யாரோ அனுப்பிய பிடிஎஃப் நகல் ஒன்றில். அதில், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் இடப்பக்கப் பத்தியின் பாதியில் வலப்பக்கப் பத்திக்குத் தாவியது. வாள்வீச்சைப் பற்றிய வாக்கியம் குதிரையின் விலையில் போய் முடிந்தது. அட்டவணைகள் அதைவிட மோசம். மந்திரவாதியின் ஐந்தாம் நிலைக்கான வரியைப் படிக்கச் சொன்னால், "நான்கு நான்கு மூன்று இரண்டு" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடும். முதல் நான்கு அவருக்குத் தெரிந்த எளிய மந்திரங்களின் எண்ணிக்கை. அடுத்த நான்கும் மூன்றும் இரண்டும் முதல், இரண்டாம், மூன்றாம் படி மந்திரங்களை ஒரு நாளில் எத்தனை முறை ஏவலாம் என்பதன் கணக்கு. நெடுவரிசைத் தலைப்பு காதில் விழாதவருக்கு இது வெறும் எண்களின் முணுமுணுப்பு.

இதே விதிகளைத் தலைப்புகள் முறையாகக் குறிக்கப்பட்ட இணையப்பக்க வடிவில் படித்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு, டி (T) விசையை அழுத்தினால் அடுத்த அட்டவணை, கண்ட்ரோலும் ஆல்ட்டும் அம்புக்குறியும் சேர்ந்தால் அட்டவணைக்குள் கட்டம் கட்டமாக நடை. கட்டம் மாறும்போது அதன் தலைப்பும் சேர்ந்து ஒலிக்கும். ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் பிடிஎஃப் பக்கமே போகாமல் இணையப்பக்க வடிவத்தைத் தேடிக்கொள்ளுமாறு சொல்வேன். இன்னொரு எச்சரிக்கை: எஸ்ஆர்டி 5.1 என்பது விதித்தொகுப்பே தவிர பாடநூல் அன்று. ஒரு பாத்திரத்தை முதலிலிருந்து எப்படி உருவாக்குவது என்ற வரிசை அதில் இல்லை. அதற்கு, விளையாட்டை வெளியிடும் பதிப்பகம் இலவசமாகத் தரும் 2014-ஆம் ஆண்டின் அடிப்படை விதிகளையே நாட வேண்டும். அதில் நான்கு இனங்களும் நான்கு தொழில்களும்தான் உள்ளன. தொடங்குபவருக்கு அதுவே போதும்.

பாத்திரத் தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி பெட்டியாக வரைந்த அச்சுத்தாளை ஒதுக்கிவிட்டு, நோட்பேடில் வரிக்கு ஒரு செய்தியாக என் தாளை எழுதிக்கொண்டேன். வலிமை 16, கூட்டல் 3. உயிர்ப்புள்ளி 12. கவச எண், அதாவது என்னைத் தாக்குபவர் எட்ட வேண்டிய தொகை, 18. வாள் தாக்குதல் கூட்டல் 5, சேதம் எட்டுமுகப் பகடையோடு கூட்டல் 3. இருபது வரிகளுக்குள் முடிந்துவிட்டது. என்னைப் போலவே முதல் பாத்திரமாகப் போர்வீரனைத் தேர்ந்துகொள்வது நல்லது. மந்திரவாதிக்கு அந்த இருபது வரிகள் நூறாகிவிடும்.

முதல் சண்டை கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒருவனோடு. அதன் கவச எண் 15, உயிர்ப்புள்ளி 7. இருபதுமுகப் பகடையில் ஒன்பது விழுந்தது. ஐந்தைக் கூட்டினால் பதினான்கு, ஒன்றில் தவறியது. அடுத்த சுற்றில் பத்து விழுந்து சரியாகப் பதினைந்து ஆனது. சேதப் பகடையில் நான்கு, அதோடு மூன்று, மொத்தம் ஏழு, கோப்ளின் சாய்ந்தது. விதிநூலில் மூன்று வாரம் தலைகீழாக நின்றும் பிடிபடாத கணக்கு, இந்த இரண்டு சுற்றுகளில் பிடிபட்டுவிட்டது. நூலை முடித்துவிட்டு விளையாடலாம் என்று காத்திருந்த மூன்று வாரமும் வீண்.

பகடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுத் தாயக்கட்டைகளில் குழிப்புள்ளிகளை விரலால் தடவியே எண்ணிவிடுவேன். இருபதுமுகப் பகடை அப்படி இடம் கொடுப்பதில்லை. கடையில் கிடைக்கும் வழக்கமான அளவில் அதன் முகம் ஒரு பிரெய்ல் எழுத்துக்கே நெருக்கடியானது. பிரெய்லைச் சுருக்கவும் முடியாது, விரல் நுனி சுருங்காதே. அதனால் டாட்ஸ் ஆர்பிஜி என்ற திட்டத்தினர் முப்பரிமாண அச்சுக்காக இலவசமாக வழங்கும் பிரெய்ல் பகடை வடிவங்களை எடுத்து, உள்ளூர்க் கடை ஒன்றில் பெரிய அளவில் அச்சிட்டு வாங்கினேன். அச்சிட்டவர் மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்காமல் கொடுத்துவிட்டதால், அச்சு அடுக்குகளின் வரிகளே புள்ளிகளைப் போல விரலில் உறுத்தின. உப்புத்தாள் வாங்கி நானே தேய்த்தேன்.

அதற்குப் பிறகும் ஒரு நுட்பம் மிஞ்சியிருக்கிறது. பிரெய்லில் நான்கு, ஆறு, எட்டு, சுழியம் ஆகிய நான்கும் ஒரே மூன்றுபுள்ளி மூலைவடிவத்தின் நான்கு திருப்பங்கள். காகிதத்தில் மேல் எது கீழ் எது என்று தெரியும், குழப்பமில்லை. உருண்டு நின்ற பகடைக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ஐந்தும் ஒன்பதும் அப்படியே, இரண்டும் மூன்றும் அப்படியே. ஆகவே பிரெய்ல் பகடை வாங்குபவர்கள், எண்ணுக்கு அருகில் திசையைக் காட்டும் அடையாளம் ஒவ்வொரு முகத்திலும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தே வாங்க வேண்டும். உருட்டும்போது விளிம்புள்ள தட்டு அவசியம். படிக்கும்போது ஒரு கையால் பகடையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால், படிக்கப் போன விரலே விழுந்த எண்ணை மாற்றிவிடும்.

அவசரத்துக்கு டிஸ்கார்டில் பாட் (bot) என்ற தானியங்கி நிரல் இருக்கிறது. 1டி20+5, அதாவது ஓர் இருபதுமுகப் பகடையோடு ஐந்து, என்று தட்டினால் விடை எழுத்தாக வரும், திரைவாசிப்பான் படித்துவிடும். இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுக்கும் தருணங்களில், விலக்கிய எண்ணைக் குறுக்குக்கோடிட்டுக் காட்டும் பாட் ஒன்றில் மட்டும் இரண்டு எண்களும் சமமாகவே என் காதில் விழுந்தன. இறுதித் தொகையை மட்டும் கேட்கப் பழகிக்கொண்டேன். வேகத்துக்குப் பாட், மகிழ்ச்சிக்குப் பிரெய்ல் பகடை என்று வைத்திருக்கிறேன்.

வரைபடம் இன்னும் முழுதாகத் தீராத பிரச்சினை. எங்கள் நடத்துநர், அதாவது டன்ஜன் மாஸ்டர், பொறுமைசாலிதான். ஆனாலும் திரையில் படத்தைப் பகிர்ந்ததும், "இதோ இங்கே நிற்கிறான்" என்று சொல்லிவிடுவார். கடிகார முறையைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது, "இரண்டு மணித் திசையில் முப்பது அடி" என்கிறார். என் வீரன் ஒரு சுற்றில் முப்பது அடி நடப்பான் என்பதால், எட்டிவிடலாம் என்று உடனே தெரிந்துவிடுகிறது. எதிரிகள் மூன்றுக்கு மேல் போனால், கட்டங்களைக் கீறிய தெர்மாக்கோல் பலகையில் குண்டூசிகளைக் குத்தி வைத்துக்கொள்கிறேன். இதில் பாதிச்சுமை நடத்துநருடையது என்பதால், இடங்களை வாயால் சொல்லச் சம்மதிக்கும் ஒருவர் கிடைத்த பிறகே சேருமாறு சொல்வேன். விதிகளை விட அவர் முக்கியம். பகடை அச்சுக்கும் உப்புத்தாளுக்கும் தவிர நான் எதற்கும் செலவழிக்கவில்லை.

நான்காவது வாரம் ஒரு குகையில் எங்கள் தீப்பந்தம் அணைந்தது. குருட்டுநிலை என்று விதிகளில் ஒரு பிரிவு உண்டு: கண்ணால் மட்டுமே செய்யக்கூடிய சோதனைகள் எல்லாம் தானாகத் தோற்கும், தாக்கினால் பாதகம் (இரண்டு பகடையில் தாழ்ந்தது), உன்னைத் தாக்குபவனுக்குச் சாதகம் (இரண்டில் உயர்ந்தது). என் வீரன் பார்வையுள்ளவன், திடீரென்று இருளில் சிக்கியவன். அவனுக்கு அந்த விதி பொருந்தும் என்பதால் நான் மறுப்புச் சொல்லவில்லை. மற்றவர்கள், "ஒன்றுமே தெரியவில்லையே, என்ன செய்வது?" என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீர் சொட்டும் ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, காற்று முகத்தில் படுகிறதா முதுகில் படுகிறதா, காலடியில் தரை சரிகிறதா என்று நான் கேட்டேன். நடத்துநர் தன் குறிப்புகளைப் புரட்டும் ஓசை மட்டும் சிறிது நேரம் கேட்டது. பிறகு, "ஒரு நிமிடம் கொடுங்கள், இதை நான் யோசிக்கவே இல்லை" என்றார்.