டபுள் ப்ரமோஷனா, தனி கிளாஸா, இல்ல இருக்குற கிளாஸ்லயே தீனி போடறதா?

நான் கணக்கு டீச்சர். போன வருஷம் ஆறாம் கிளாஸ்ல ஒரு பொண்ணு, பின்னக் கணக்கு இருபது குடுத்தா மத்த பசங்க தேதி எழுதி அடிக்கோடு போடறதுக்குள்ள பாதி முடிச்சிருப்பா. நானும் "சரிம்மா, அடுத்த இருபதையும் போடு"ன்னு குடுத்துட்டே இருந்தேன். ரெண்டு மாசத்துல அவ வேகம் கொறஞ்சு போச்சு, ஒரு கணக்கு போடுவா, நிமிர்ந்து பக்கத்துல யாரு எங்க இருக்காங்கன்னு பாப்பா, அப்புறம்தான் அடுத்தது. சீக்கிரம் முடிச்சா கூட வேலை விழும்னு அவளுக்கு கத்துக் குடுத்ததே நான்தான். அது இன்னும் மனச உறுத்துது. அதனாலதான் இந்த மாதிரி பசங்களுக்கு என்னென்ன வழி இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன்.

எல்லாரும் முதல்ல சொல்றது டபுள் ப்ரமோஷன். வயசுல பெரிய பசங்களோட ஒட்டாது, கெட்டுப் போயிடும்னு பயப்படறாங்க, ஆனா 1971ல ஜூலியன் ஸ்டான்லிங்கற உளவியலாளர் அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சு பல வருஷமா நடந்த ஆய்வப் பாத்தா, கணக்குல கெட்டியா இருந்து கிளாஸ் தாண்டிப் போனவங்க பின்னாடி ஆராய்ச்சில சீக்கிரமாவே கால் ஊனியிருக்காங்க. செலவும் கிடையாது. ஒரே சிக்கல், கணக்குல ரெண்டு வருஷம் முன்னாடி இருக்குற புள்ள எழுத்துலயும் அப்படி இருக்கணும்னு இல்ல, டபுள் ப்ரமோஷன் எல்லாத்தயும் சேத்து தூக்கிடுது.

தனி கிளாஸ்ல அதே மாதிரி யோசிக்கற நாலு பேர் கெடைக்கறாங்க, அது உண்மையிலயே பெரிய விஷயம், தனியா நிக்கற புள்ளைக்குதான் அதோட அருமை தெரியும். ஆனா உள்ள யாரு, வெளிய யாருன்னு ஒரு டெஸ்ட் முடிவு பண்ணுது பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. 1921ல டெர்மன்ங்கற அமெரிக்க உளவியலாளர் ஐக்யூ டெஸ்ட் வச்சு ஆய்வுக்கு புத்திசாலிப் பசங்கள பொறுக்கினப்ப ஷாக்லி, அல்வாரெஸ்னு ரெண்டு பசங்க தேறல, பின்னாடி ரெண்டு பேருக்கும் இயற்பியல் நோபல் கெடச்சுது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே கஷ்டப்பட்டுட்டு உள்ளுக்குள்ள பிரமாதமா யோசிக்கற பசங்களும் இப்படித்தான் விட்டுப் போறாங்க. சிங்கப்பூர் 1984ல புத்திசாலிப் பசங்களுக்குன்னு ஆரம்பிச்ச தனி கிளாஸ் திட்டத்தையே 2024ல மாத்தப் போறோம்னு சொல்லி, எல்லா ப்ரைமரி ஸ்கூல்லயும் இந்தப் பசங்களுக்கு வழி பண்றோம்னு அறிவிச்சாங்க.

மூணாவது வழி, அதே கிளாஸ்ல வச்சே பாடத்தச் சுருக்கறது, என் ஓட்டு இதுக்குத்தான். பாடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இருக்குறதுலயே கஷ்டமான அஞ்சு கணக்க குடுங்க, சரியா போட்டா மிச்சத்த விட்ருங்க. மிச்சமாகுற நேரத்துல அடுத்த பாடத்துக்கு ஓட வேண்டாம், அதே பாடத்துல ஆழமாப் போகலாம். அந்தப் பொண்ணுகிட்ட நான் கேட்டது, 5/7ஐ மேல 1 மட்டும் இருக்குற வேற வேற பின்னங்களோட கூட்டலா எழுதுன்னு. மூணு நாள் ஆச்சு. நோட்டு முழுக்க அடிச்சு அடிச்சு எழுதி கடைசில 1/2 + 1/5 + 1/70ன்னு கொண்டு வந்தா. அவ தப்பு பண்ணி அழிச்சத நான் அன்னைக்குதான் முதல் தடவ பாத்தேன். ஆனா இதுக்கு டீச்சருக்கு நேரம் வேணும், நாப்பது பேர் கிளாஸ்ல வாரத்துக்கு ஒரு தடவ உக்காந்து பேசறதே பெரும்பாடு, அந்த நேரத்த நிர்வாகம்தான் ஒதுக்கித் தரணும்.

இதுவும் பத்தலன்னா கணக்கு பீரியடுக்கு மட்டும் மேல் கிளாஸ்க்கு அனுப்பலாம். கணித மேதை டெரன்ஸ் டாவோ சின்ன வயசுல ஒவ்வொரு பாடத்துக்கும் வேற வேற கிளாஸ்லதான் உக்காந்தாரு, 1988ல சர்வதேச கணித ஒலிம்பியாட்ல தங்கம், 2006ல கணக்குக்கான பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடல். டைம்டேபிள் ரெண்டு கிளாஸுக்கும் ஒத்து வரணும், அவ்ளோதான். முழு டபுள் ப்ரமோஷன், எல்லாப் பாடத்துலயும் முன்னாடி இருந்து புள்ளையும் போறேன்னு சொன்னா மட்டும். புள்ளகிட்ட கேக்காம பெரியவங்களே கூடி முடிவு பண்றத தயவுசெஞ்சு விடுங்க.

இப்ப அவகிட்ட இருக்குறது, 2லேர்ந்து எந்த எண்ண கீழ போட்டாலும் மேல 4 இருக்குற பின்னத்த, மேல 1 இருக்குற மூணு பின்னமா பிரிக்க முடியுமாங்கற கேள்வி. இது 1948லேர்ந்து இன்னும் யாருமே நிரூபிக்காத கணக்குன்னு சொன்னதும், "அப்ப உங்களுக்கும் தெரியாதா மிஸ்?"ன்னு கேட்டுட்டு, ஒரு புது நோட்டு எடுத்துட்டு வந்து உக்காந்துட்டா.