தேங்காய்ப்பாலை விடுவதா, சோற்றை விடுவதா? எம்.எஸ். நோய்க்கு வன்னி அடுப்படியில் எது சரிவரும்

கிளிநொச்சிப் பக்கம் இருக்கும் என் சின்னம்மாவின் மகளுக்கு, எனக்கு அக்கா முறை, மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று சொல்லி மூன்று வருடம் ஆகிறது. சுருக்கமாக எம்.எஸ். அதற்குள் கனடாவில் இருக்கும் அண்ணன் ஒரு டயட் அனுப்பினார், லண்டன் மச்சாள் இன்னொன்று அனுப்பினார், பக்கத்து வளவுப் பெரியம்மா வேலியில் படர்ந்த சீந்திலை வெட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் சாப்பிடு என்பதை மற்றவர் தொடாதே என்கிறார். அக்கா களைத்துப்போய், "நீயே வாசிச்சுச் சொல்லு" என்று கொப்பியை என்னிடம் தந்துவிட்டார். நான் வைத்தியர் இல்லை. வாசிக்கத் தெரியும், எங்கள் அடுப்படியும் தெரியும்.

இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்புகளின் மேலுறையை அரிக்கிறது. கண் மங்கும், கால் மரக்கும், நடை தள்ளாடும், சலத்தை அடக்க முடியாமல் போகும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்குத்தான் கூட. தொடக்கத்தில் நூற்றுக்கு 85 பேருக்கு அது வந்து வந்து போகும் வகை. ஒரு தாக்கம் சில கிழமை நின்றுவிட்டு, ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஓரளவு தானாக இறங்கும். இதை மறந்தால் ஒப்பீடே பிழைத்துவிடும். கால் மரத்த கிழமையில் எதைக் குடித்தாலும் அடுத்த மாதம் அதற்குத்தான் பேர் கிடைக்கும். சீந்தில் குடித்தவர் சீந்தில் என்பார், பாணை விட்டவர் பாண்தான் காரணம் என்பார். ஆகவே ஒவ்வொன்றிடமும் இரண்டே கேள்வி கேட்டேன். எடுக்காத ஆட்களோடு வைத்துப் பார்த்தார்களா? பின்னேரம் மூன்று மணிக்கே சோர்ந்துபோகும் ஒரு பெண் இதைச் சமைக்க முடியுமா?

அண்ணனின் டயட் ஸ்வாங்க் டயட். ரோய் ஸ்வாங்க் என்ற நரம்பியல் வைத்தியர் 1940களின் கடைசியில் தொடங்கியது. நிறைவுற்ற கொழுப்பு நாளுக்கு 15 கிராமுக்குமேல் கூடாது, முதல் வருடம் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி கிடையாது, சோறு, பருப்பு, மீன், மரக்கறி எல்லாம் சரி. 144 பேரை 34 வருடம் பின்தொடர்ந்து 1990இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். கொழுப்பைக் குறைத்தவர்கள் நன்றாக இருந்தார்கள், குறைக்காதவர்கள் மோசமானார்கள் என்றார். 34 வருடம் பெரிய பொறுமைதான். ஆனால் சீட்டுக் குலுக்கினது போல ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒப்பிடவில்லை. நோய் முற்றிய ஆள்தான் டயட்டையும் கைவிடுவார், அப்போது எது காரணம், எது விளைவு?

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 11, 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. பொரியலுக்கு ஒரு கரண்டி விட்டாலே ஸ்வாங்க் கணக்கு முடிகிற அளவில் நிற்கும். பிறகு காலைப் பிட்டுக்குள் தேங்காய்ப்பூ, மத்தியானம் கட்டிப்பால் குழம்பு, இரவு இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும். அக்கா கணக்கைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப பட்டினிதான்." இல்லை. அதே கரண்டி நல்லெண்ணெயில் ஏறக்குறைய 2 கிராம்தான். எள்ளு எங்கள் மண்ணில் விளைவது, அம்மம்மா காலத்தில் வீட்டில் நின்ற எண்ணெயும் அதுதான். சொதியை இரண்டாம் பாலில் வைக்கலாம், குழம்பைப் பழப்புளியில் இறக்கலாம். வயிறு நிறையும், நாக்கு கொஞ்சம் முறைக்கும், அவ்வளவுதான்.

மச்சாளின் டயட் இதற்கு நேர் எதிர். அதை உருவாக்கிய டெரி வால்ஸ் அமெரிக்காவின் ஐயோவாவில் இருக்கும் வைத்தியர். 2000இல் அவருக்கே எம்.எஸ். வந்து, சக்கர நாற்காலி வரை போய், சாப்பாட்டை மாற்றி மீண்டும் சைக்கிள் ஓடியவர். நாளுக்கு ஒன்பது கோப்பை மரக்கறி: மூன்று இலைக்கறி, மூன்று கோவா, வெங்காயம் போன்றவை, மூன்று நிறமுள்ளவை. இறைச்சி, ஈரல், மீன் உண்டு. தானியம், பால், முட்டை இல்லை. பருப்பு வகையும் இல்லை. அதாவது சோறு இல்லை, குரக்கன் பிட்டு இல்லை, பயறு இல்லை, உழுந்து இல்லை. வன்னியில் நெல்லு வெட்டுகிற வீட்டில் இருந்துகொண்டு சோறு வேண்டாம் என்பதற்குப் பெரிய நெஞ்சு வேண்டும். காசும் வேண்டும். சோற்றை விட்டால் அந்த இடத்தை மீனாலும் இறைச்சியாலும் நிரப்ப வேண்டும், அது நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல். வால்ஸின் கதையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் சாப்பாட்டோடு தசைகளுக்கு மின்தூண்டலும் உடற்பயிற்சியும் செய்தார். கதை பரவும்போது கீரை மட்டும் மிஞ்சிவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஆய்வு ஒன்று உண்டு, 2021இல் வந்தது. 87 பேரைக் குலுக்கிப் பிரித்து, பாதிப்பேருக்கு ஸ்வாங்க், பாதிப்பேருக்கு வால்ஸ், 24 வாரம். இரண்டு பக்கமும் களைப்புக் குறைந்தது, வாழ்க்கைத்தரம் கூடியது. வழமையான சாப்பாட்டோடு விடப்பட்ட மூன்றாவது கூட்டம் இல்லை. நடத்தியவர்களில் வால்ஸும் ஒருவர். சோறு தின்றவரும் தேறினார், சோற்றை விட்டவரும் தேறினார் என்றால் சோறு குற்றவாளி இல்லை என்பது என் வாசிப்பு. இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன? பேக்கரிப் பண்டம், பொரித்த பக்கற் சாமான், சீனி குறைவு, மரக்கறியும் மீனும் கூட. களைப்பைக் குறைத்தது அந்தப் பொதுப்பகுதியாக இருக்கலாம்.

ஜோர்ஜ் ஜெலினெக் என்ற அவுஸ்திரேலிய வைத்தியரின் முறையும் இருக்கிறது. அவருக்கும் 1999இல் எம்.எஸ். வந்தது. மரக்கறிச் சாப்பாடு, அதோடு கடலுணவு, நிறைவுற்ற கொழுப்புக் குறைவு, வெயில், உடற்பயிற்சி, தியானம். எங்களுக்கு இதுதான் மிகக் கிட்டவாக வருகிறது. வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, முல்லைத்தீவிலிருந்து வரும் சூடை மீன். புதிதாக வாங்க ஒன்றும் இல்லை.

சத்துக் குளிசைகளுக்கு வந்தால் என் குரல் கொஞ்சம் ஏறும், ஏனென்றால் காசு அங்கேதான் போகிறது. அண்ணன் அனுப்பிய பெரிய போத்தல் பயோட்டின், பி விட்டமின்களில் ஒன்று. நாளுக்கு 300 மில்லிகிராம் எடுத்தால் முற்றிய எம்.எஸ். திரும்பும் என்று 2016இல் ஒரு ஆய்வு நம்பிக்கை தந்தது. பிறகு 642 பேரோடு பெரிதாகச் செய்து 2020இல் வெளியிட்டபோது பலன் இல்லை. அதோடு அது இரத்தப் பரிசோதனையைக் குழப்பும். தைரொயிட் அளவு பிழையாக வரும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் பொய் சொல்லும். மீனெண்ணெய்க் குளிசையை நோர்வேயில் சோதித்து 2012இல் எழுதினார்கள், நோயின் வேகம் குறையவில்லை. சூடை மீனைச் சாப்பாடாகச் சாப்பிடுங்கள், அது போதும்.

விட்டமின் டி மட்டும் நேர்மையாகச் சிக்கலானது. அளவு குறைந்தவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்புக் கூட என்பது தெளிவு. நோய் வந்தபின் கொடுத்தால்? 2023இல் வந்த அமெரிக்க ஆய்வில், வழமையான மருந்தோடு நாளுக்கு 5000 அலகு எடுத்தவர்களுக்கும் 600 எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2025இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், முதல் தாக்கம் மட்டும் வந்து வேறு மருந்து தொடங்காதவர்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு இலட்சம் அலகு கொடுத்தார்கள். புதிய தாக்கமோ ஸ்கானில் புதிய மாற்றமோ வந்தது வெறும் போலி மருந்து எடுத்தவர்களில் 74 வீதம், விட்டமின் எடுத்தவர்களில் 60 வீதம். ஆகவே முதலில் இரத்தத்தில் அளவைப் பாருங்கள். வெயில் கொளுத்துகிற ஊர்தானே என்று விடக்கூடாது, கறுத்த தோலும் நாள் முழுக்க வீட்டுக்குள் இருப்பதும் சேர்ந்தால் குறையும். அதே நேரம் கண்டபடி விழுங்கவும் கூடாது. அளவு மீறினால் கல்சியம் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும், வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஏற்கனவே இருக்கிறது. பி12ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் கால் மரக்கும், நடை தள்ளாடும், ஆனால் அது எளிதில் சரிசெய்யக்கூடியது.

இனிப் பெரியம்மாவின் சீந்தில். பரியாரியாரிடம் காட்டுவதில் எனக்குச் சண்டை இல்லை. நல்லெண்ணெய் தேய்த்துவிட்டால் விறைத்த காலுக்கு இதமாக இருக்கிறது என்று அக்காவே சொல்கிறார். ஆனால் சீந்தில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்றுதான் விற்கிறார்கள். எம்.எஸ்ஸில் குழப்பம் செய்வதே அந்த எதிர்ப்புச் சக்தி. கொரோனாக் காலத்தில் சீந்தில் குடித்து, எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு வகை ஈரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி 2021இல் மும்பை வைத்தியர்கள் எழுதினார்கள். அமுக்கராவும் சிலருக்கு ஈரலைக் கெடுத்திருக்கிறது. எம்.எஸ். மருந்துகளில் சிலதும் ஈரலைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பவை. ஆகவே இந்த வரிசையில் நான் நேராக வேண்டாம் என்று சொன்னது இது ஒன்றுக்குத்தான். வேது பிடிப்பதையும் நிறுத்தச் சொன்னேன். உடம்பு சூடானால் எம்.எஸ். நரம்பு இன்னும் தடுமாறும், 1890இல் ஊட்ஹோஃப் என்ற ஜேர்மன் வைத்தியர் கவனித்தது. புதிய சேதம் இல்லை, குளிர்ந்ததும் இறங்கும். ஆனால் சோளகம் வீசுகிற மாதத்தில் அக்கா மத்தியானம் சுவரைப் பிடித்து நடப்பதற்கு இதுதான் காரணம்.

இதற்கு வைத்தியம் கிணற்றடியில் இருக்கிறது. வெயில் ஏறுமுன் சமையலை முடிப்பது, பதினொரு மணிக்கு ஒரு வாளி தண்ணீர், கழுத்தில் ஈரத்துவாய், விடிய ஒழுங்கையில் மெதுவான நடை. சலத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் கிருமித்தொற்று வந்து காய்ச்சலாகும், காய்ச்சல் வந்தால் கால் விழும். எந்த டயட்டையும்விட இந்த மாற்றம்தான் அக்காவின் நாளில் கண்ணுக்குத் தெரிந்தது.

மருந்தை இந்த வரிசையில் வைக்காததற்குக் காரணம், அது போட்டியில் இல்லை. தாக்கங்களைக் குறைக்கும் என்று திரும்பத் திரும்ப நிரூபித்தவை அவைதான். கிளாட்டிரமர், கிளாட்ரிபின், ரிட்டுக்ஸிமாப் மூன்றையும் உலக சுகாதார அமைப்பு 2023இல் எம்.எஸ். நோய்க்கென அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. யாழ்ப்பாணம் போய்வரும் பஸ் காசு இல்லையென்று ஒரு கிளினிக்கைத் தவறவிட்ட மாதத்தில்தான் அந்தப் பயோட்டின் போத்தலும் வந்து இறங்கியது. அதன் விலையை அண்ணனிடம் கேட்டேன். பத்துத் தடவை போய்வரலாம்.

இப்போது அண்ணன் காசாகவே அனுப்புகிறார். பெரியம்மா சீந்திலுக்குப் பதிலாக முருங்கையிலை ஆய்ந்து தருகிறார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கட்டிப்பால் சொதி, அதைக் கொப்பியில் எழுத வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.