ஹட்டன் சனிக்கிழமைக் குழு: பத்து வாரங்கள் பார்த்த பிறகு

இலங்கை மலையகத்தில் உள்ள ஹட்டனில் கட்டிளம் பருவத்தினருக்காகச் சனிக்கிழமைகளில் நடைபெறும் உளவளத்துணைக் குழுவுக்கு என் அக்காவின் மகனைப் பத்து வாரங்கள் அழைத்துச் சென்றேன். அவனுக்கு வயது 14. தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடங்களாகின்றன. அவன் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் என்னோடும் அம்மாயியோடும் வளர்கிறான். எடுத்ததற்கெல்லாம் கோபமும் பிறகு நாள்கணக்கில் மௌனமுமாக இருந்தவன், ஒரு நாள் வகுப்புத் தோழனை அடித்துவிட்டான். பாடசாலையில் அவனை முழங்காலில் நிறுத்தி நல்லொழுக்கம் போதித்தார்கள். அடிப்பது பிழை என்பது அவனுக்கு முன்பே தெரியும். கோபம் தலைக்கேறும்போது அந்த அறிவு கைகொடுக்காததுதான் சிக்கல்.

இந்தக் குழுவில் உபதேசம் இல்லை. முதல் கால் மணி நேரம் உணர்ச்சிகளுக்குப் பெயர் சொல்லப் பழக்குகிறார்கள். எல்லாவற்றையும் 'கடுப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவந்த பையன்கள் வெட்கம், பயம், ஏக்கம் என்று மெல்லப் பிரித்துச் சொல்கிறார்கள். அதன் பிறகு ஒரு கதை. பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்று அஞ்சிய ஒரு தாய் சாக்கினடியில் கல்லை வைக்கிறாள். அதைக் கண்ட மகன், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா? 1958 இல் அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் தம் ஆய்வேட்டில் சிக்காகோச் சிறுவர்களிடம் இத்தகைய தர்மசங்கடக் கதைகளைச் சொல்லி, விடையைவிட அதற்கு அவர்கள் கூறிய காரணத்தையே கவனித்தார். இங்கும் அதுவே வழி. எங்கள் பையன் முதலில், "மாட்டினா அடி விழும்" என்றான். பிறகு பேனா மூடியைக் கடித்தபடி, யாரையும் பார்க்காமல், "சொன்னா அம்மா எல்லார் முன்னாலயும் தலைகுனிவாங்க. சொல்லாட்டி ஒழுங்கா நிறுக்கிற மத்த அம்மாமாருக்கு அநியாயம்" என்றான். பின்வரிசையில் இருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. செயற்றாள்கள் சிங்களத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டிருப்பதால் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. 22 பேருக்கு ஒரே உளவளத்துணையாளர் என்பதால் தனியாகப் பேச வாய்ப்பில்லை. எல்லாவற்றையும்விட, பிள்ளை வாய் திறக்கத் தொடங்கும் நேரத்தில் பத்து வாரத்தோடு நிறுத்திவிடுவது எனக்குப் பெரிய மனத்தாங்கல். இடையில் அவசரமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கும்படி சொல்லியிருக்கிறார்கள்.

கட்டணம் இல்லை, பொகவந்தலாவையிலிருந்து எங்களுக்குப் பஸ் செலவு மட்டுமே. ஒன்பதாம் வாரம் திரும்பி வரும் வழியில் அவன் நோர்வூட்டில் இறங்கி, தான் அடித்த பையனின் வீட்டுக்குத் தனியே போனான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.